கேட்பார் இருந்தால் பண் வாழும்
(வரும் இசைப் பருவமும் அன்பர்தம் கடமையும்)



இறைவனை இசை வடிவினன் என்று போற்றுவது நம் முன்னோர் மரபு. ஏழிசையாகவும் இசைப்பயனாகவும் அவன் விளங்குகின்றான் என்பது அருளாளர் கண்ட மெய்ப்பொருள். மலரிட்டு வழிபடுவதும் விளக்கிட்டு வழிபடுவதும் போலவே, பாடி வழிபடுவதும் ஒரு திருப்பணியாகும். பாடுவதற்குக் குரல்வளம் வாய்க்கப் பெறாதார் பலர். ஆயினும் கேட்பதற்குச் செவி வாய்க்கப் பெறாதார் சிலரே. ஆதலின் கேட்டு வழிபடுதல் என்பது ஏறக்குறைய எல்லார்க்கும் உரிய எளிய நெறி. திருவள்ளுவப் பெருந்தகையும் கேள்விக்கெனத் தனியதிகாரம் ஒன்று வகுத்து, செவிச்செல்வத்தின் சிறப்பை எடுத்தோதினார்.

மார்கழி தொடங்கி ஆடி முடிய உள்ள எட்டுத் திங்களும் நம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலும் அதனை அடுத்த காவிரிக் கரையிலும் இசைவிழாக்கள் மிகுதியாக நிகழும் காலமாகும். அவற்றிற் சென்று அமர்தற்கு நம்மவருட் பலர் தயங்குகின்றனர். "இராகம் அறியோம், தாளம் அறியோம், பாட்டின் மொழியும் அறியோம், அது கற்றார்க்கு உரியது" என்று ஒதுங்கி நிற்பாரைப் பலகாலும் காண்கிறோம். இவ்வொதுக்கம் தேவையற்றது என்பதனையும், கேட்கும் முறை இன்னதென்பதனையும், கேளாதொழிவதால் வரும் இழப்பு யாதென்பதனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இசைப் பருவம்

மார்கழித் திங்களில் விடியற்காலையில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிக்கும் கோயில்களே இப்பருவத்தின் முதல் அரங்குகள். திருவாதிரைத் திருநாளில் ஆடவல்லானின் தரிசனம் நிகழும். சென்னை மாநகரில் இசை மன்றங்களின் பெருவிழா நடைபெறுவதும் இம்மாதத்திலேதான். 1927-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய இசை மாநாட்டின் பயனாக 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. தமிழ்ப் பாடல்கள் மேடையில் உரிய இடம் பெறல் வேண்டும் என்னும் வேட்கையால் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இவ்விரண்டும் ஊன்றிய வித்துக்களே பின்னர்ப் பல்கிப் பெருகின.

தைத் திங்களில் திருவையாறு இசையாற் பொலியும். தியாகராச சுவாமிகள் 1847-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், புஷ்ய மாதத்துத் தேய்பிறை ஐந்தாம் திதியில், சித்தியடைந்தார். அத்திதியை ஒட்டி ஆண்டுதோறும் ஐந்து நாள் ஆராதனை நடைபெறுகின்றது. பஞ்சமியன்று நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தின கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கான இசைவாணர்கள் ஒருங்கமர்ந்து பாடுவர். அங்கே நுழைவுச் சீட்டு இல்லை. பந்தலில் மணலில் அமர்ந்து எவரும் கேட்கலாம். ஒரு காலத்தில் பெண்டிர் அச்சமாதியின் முன் பாடவியலாத நிலை இருந்தது. அச்சமாதிக்குக் கோயில் எடுப்பித்த பெங்களூர் நாகரத்தினம்மாள் பெண்டிர்க்கெனத் தனிவிழா எடுத்து வாதாடினார். 1940 அளவில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றாயின; பெண்டிரும் உடனமர்ந்து பாடும் உரிமை பெற்றனர். இசையரங்கின் வாயில் ஒவ்வொருவர்க்காகத் திறந்து வந்த வரலாற்றுக்கு இதுவும் ஒரு சான்று.

மாசியில் சிவராத்திரி, அவ்விரவில் நாட்டியாஞ்சலி நிகழும் கோயில்கள் பலவாம். பங்குனியில் நம் திருமழபாடியில் நந்தியெம்பெருமானின் திருமணம். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் எழுந்தருளக் கொள்ளிடத்தின் வடகரையில் நிகழும் அத்திருமணத்தில் நாதசுரமும் தவிலும் முழங்குவதைக் கேட்க ஊர்கள் திரளும். சித்திரையில் திருவையாற்று ஏழூர்த் திருவிழா. பின்னர் அருளாளர்தம் குருபூசைகள்: சித்திரைச் சதயம் அப்பரடிகட்கும், வைகாசி மூலம் ஞானசம்பந்தர்க்கும், ஆனி மகம் மணிவாசகர்க்கும், ஆடிச் சுவாதி சுந்தரர்க்கும் உரியன. இந்நாட்களில் திருமுறை இன்னிசை நிகழாத பெருஞ்சிவாலயம் அரிது.

ஆடித் திருவாதிரை, முதலாம் இராசேந்திர சோழன் பிறந்த நாள். அவன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்தில் 2025-ஆம் ஆண்டு சூலை 23 முதல் 27 வரை அவ்விழா பெருஞ்சிறப்புடன் நிகழ்ந்தது. நிறைவு நாளில் இசைஞானி இளையராசா அவர்களின் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. ஓதுவார்தம் திருமுறையும் ஒலித்தது. திரைப்பாடல் மட்டும் கேட்டுப் பழகிய இளைஞரும், தேவாரம் மட்டும் கேட்டுப் பழகிய முதியோரும் ஒரே வெளியில் ஒருங்கே அமர்ந்த காட்சி, இசை எல்லார்க்கும் பொது என்பதனை உணர்த்திற்று.

இம்மண்ணும் இசையும்

இசை என்பது தஞ்சைக்கும் சென்னைக்கும் உரியது, வானம் பார்த்த பூமியாகிய நம் பகுதிக்கு அயலானது என்று எண்ணுவார் உளர். வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது.

உடையார்பாளையம் சமஸ்தானத்தின் அவைக்களப் புலவராக விளங்கியவர் கனம் கிருஷ்ணையர். இவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்தவர். பாடும் நெறியைக் கனம், நயம், தேசிகம் என மூவகையாகக் கூறுவர். அவற்றுள் கனமார்க்கம் என்பது உந்தியினின்று எழும் கனத்த ஒலியால் பாடுவது. நெடுநாள் உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் இன்றி எய்தற்கு அரியது. பொப்பிலியிலிருந்து தஞ்சைக்கு வந்த கேசவையா என்னும் வித்துவானிடம் அதனைக் கேட்டறிந்து, கடும்பயிற்சியால் தமதாக்கிக் கொண்டமையாலேயே அவர் பெயரோடு கனம் என்னும் அடை சேர்ந்தது. உடையார்பாளையத்தில் அமர்ந்து அவர் தமிழிற் செய்த பதங்கள் இன்றும் இசையரங்கிலும் ஆடலரங்கிலும் வழங்குகின்றன.

அவர்தம் உறவினரும் மாணாக்கருமாகியவர் வேங்கடசுப்பையர். அவருடைய மைந்தரே தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர். வேங்கடசுப்பையர் அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் குடும்பத்துடன் தங்கி, இராமாயணப் பிரசங்கம் செய்து வாழ்ந்தார். சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளை அவர் இராக பாவத்துடன் பாடிப் பொருள் விரிக்க, ஊரார் கூடியிருந்து கேட்டனர். கேட்டவர்கள் இசை நூல் கற்றவர்கள் அல்லர்; ஏர் பிடித்த வேளாளரும் கணக்கு எழுதிய கணக்கரும் இல்லத்துத் தாய்மாரும் ஆவர். நெல்லும் பிற பண்டமும் கொடுத்து அவர்கள் ஆதரித்த ஆதரவில்தான் அக்குடும்பம் வாழ்ந்தது. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் சாமிநாதையர் தமிழ் பயின்றார். பின்னாளில் சங்க நூல்களை மீட்டுத் தந்த பெருமகனாரின் இளமை, நம் ஊர்களின் இசை கேட்கும் செவிகளாற் காக்கப்பட்டது. ஒரு கிராமத்தார் அமர்ந்து கேட்டமையால் ஒரு மொழியின் பழஞ்செல்வமே பிழைத்தது என்று கூறினும் மிகையாகாது. சாமிநாதையர் தம் முதுமையில் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனிநூலாக எழுதி அந்நன்றியைச் செலுத்தினார்.

திருமழபாடியில் ஒரு பண் வகுப்பு

பண் அறிவது எங்ஙனம் என்று வினவுவார்க்குத் திருமழபாடி ஒரு நல்ல பள்ளிக்கூடம். அத்தலத்திற்கு மூவரும் பாடிய பதிகங்கள் ஆறு. சம்பந்தப் பெருமான் பாடியவை மூன்று. அவை முறையே இந்தளம், கொல்லி, கௌசிகம் என்னும் பண்களில் அமைந்தவை. அப்பரடிகள் பாடியவை திருத்தாண்டகங்கள் இரண்டு. சுந்தரர் பாடியது ஒன்று. அது நட்டராகப் பண்ணில் அமைந்தது.

இன்றைய ஓதுவார் மரபில் இந்தளம் மாயாமாளவகௌளையாகவும், கொல்லி நவரோசாகவும், கௌசிகம் பைரவியாகவும், நட்டராகம் பந்துவராளியாகவும் பாடப்பெறுகின்றன. திருத்தாண்டகத்தை அரிகாம்போதியில், தாளக்கட்டின்றிச் சொல்லின் ஓட்டத்திற்கேற்பப் பாடுவர். ஆகவே ஒரே தலத்தின் ஆறு பதிகங்களைச் செவிமடுத்த அளவிலேயே ஐந்து இராகங்களின் சாயல் நம் செவியிற் பதிந்துவிடுகின்றது. அவற்றுள் மாயாமாளவகௌளை, இசை பயிலும் சிறார்க்கு முதன்முதற் கற்பிக்கப்பெறும் இராகம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இதனை ஒரு பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். ஒரு பதிகத்தை ஓதுவாரிடம் பலநாள் கேட்டுப் பழகுக. பின்னர்க் கச்சேரியில் அவ்விராகத்தைப் பாடகர் தொடங்குங்கால், "இது நம் கோயிற் பாட்டின் சாயலாயிற்றே" என்று உள்ளம் தானே கூறும். இராகத்தின் பெயர் நாவில் வருமுன்னரே அதன் முகம் செவிக்குத் தெரிந்துவிடும். அடுத்த வீட்டாரின் குரலை இருளிலும் நாம் அறிந்துகொள்வது இலக்கணம் கற்றா? பழக்கத்தால் அன்றோ? பண்ணறிவும் அத்தகையதே.

சுந்தரர் மழபாடியை அடைந்த வரலாறு சிந்திக்கத்தக்கது. அவர் திருவாலம்பொழிலில் துயிலும்போது இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர நினையாது மறந்தனையோ என வினவினான் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். தம்பிரான் தோழர் உடனே எழுந்து காவிரியின் வடகரை ஏறி வந்து பாடினார். பாட்டை விரும்பி இறைவனே வந்து அழைத்த தலம் நம் தலம். அத்தலத்தார் பாட்டை மறத்தல் தகுமோ?

கச்சேரியின் அமைப்பு

இன்று நாம் காணும் கச்சேரி முறையைச் செப்பமுற அமைத்தவர் அரியக்குடி இராமானுஜையங்கார் (1890–1967) என்பர். அதன் வரிசையை அறிந்துகொண்டால் இரண்டரை மணி நேரமும் எளிதிற் கழியும்.

முதலில் வர்ணம். பாடகரின் குரலும் பக்கவாத்தியங்களும் பதப்படுவதற்கு உரியது அது. அடுத்துச் சில சிறு கீர்த்தனைகள். கீர்த்தனை பெரும்பாலும் பல்லவி, அனுபல்லவி, சரணம் என மூன்று உறுப்புடையது. பல்லவி மீண்டும் மீண்டும் வந்து தலைக்கருத்தை நிலைநிறுத்தும். பின்னர் ஒரு பெரிய உருப்படி. அதன் முன்னர்ப் பாடகர் சொற்களின்றி இராகத்தை விரித்துரைப்பது ஆலாபனை. வயலின்காரர் அதனைத் தொடர்ந்து தம் வில்லாற் கூறுவார். பாட்டின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொல் மாறாமல் இசையை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவது நிரவல். ச ரி க ம ப த நி என்னும் ஏழு எழுத்துக்களையே அவ்வப்போது புனைந்து பாடுவது கற்பனைச் சுரம். இறுதியில் மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் தனித்து முழங்கும், இது தனியாவர்த்தனம். அதன்பின் துக்கடாக்கள் என வழங்கும் சிறு பாடல்கள், பதங்கள், திருப்புகழ் முதலியன. நிறைவில் மங்களம்.

தனியாவர்த்தனத்தின்போது எழுந்து செல்வது நம்மிற் பலர்க்கு வழக்கமாயிற்று. அது வருந்தத்தக்கது. ஓர் ஆண்டெல்லாம் பயின்றதை மிருதங்கக் கலைஞர் சான்றோர்முன் வைக்கும் சில மணித்துளிகள் அவை. விருந்தளிப்பவர் உணவு படைக்கும் வேளையில் இலையை விட்டு எழுவாரோ?

தாளத்தையும் எளிதில் அறியலாம். ஆதிதாளம் எண்ணிக்கை எட்டு உடையது. வலக்கையால் தொடைமேல் ஒரு தட்டு. பின்னர்ச் சுண்டுவிரல் முதலாக மூன்று விரல்களை எண்ணுக. பின்னர் ஒரு தட்டு, ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஆக எட்டு. மேடையில் பாடகரின் கையைப் பார்த்து நாமும் போட்டால், இரண்டு பாட்டிற்குள் கை பழகிவிடும். சிறுவர்க்கு இது விளையாட்டாகவே அமையும்.

கோயில் இசையாகிய நாதசுரத்திற்கும் ஒழுங்கு உண்டு. சுவாமி புறப்பாட்டின்போது கம்பீர நாட்டையில் மல்லாரி வாசிப்பர். காலையில் பூபாளம், பௌளி, பிலகரி. மாலையில் கல்யாணி, பூர்விகல்யாணி. பள்ளியறைக்கு நீலாம்பரி எனக் காலத்திற்கேற்ற இராகங்கள் மரபாக வகுக்கப்பட்டுள்ளன. கடிகாரம் இல்லாத காலத்தில், வயலில் நின்ற உழவன் கோயில் நாதசுரத்தைக் கேட்டே பூசைவேளை இன்னதென்று அறிந்தான்.

பலதிறத்தார்க்கும் பரிந்துரை

முழுக் கச்சேரியும் அமர்ந்து கேட்டாலன்றிப் பயனில்லை என்று எண்ண வேண்டா. முதியோர், முழங்கால் நோவுடையோர் மாலைத் தொடக்கத்தில் ஒருமணி நேரம் அமர்ந்தாலே போதும். சிறுவரை அழைத்து வருவோர் முன்வரிசையில் பக்கவாத்தியத்தின் அருகே அமர்த்துக. கைவிரல்கள் தோலின்மேல் ஓடுவதைக் காணும் குழந்தை கண்ணிமைக்காது பார்க்கும். களைப்புற்றால் அழைத்துச் சென்று, மறுநாள் மீண்டும் அழைத்து வருக. வயல்வேலையும் சிமெண்டு ஆலைப் பணியும் முடித்து வருவோர் இரவு நிகழும் நாதசுரக் கச்சேரியையும் துக்கடாப் பகுதியையும் கேட்கலாம். கண்பார்வை குறைந்தோர்க்கு இசையரங்கைப் போல உகந்த இடம் பிறிதில்லை. அவர்களை அழைத்து வருதல் பெரும் புண்ணியம்.

மொழி விளங்கவில்லை என்பார்க்கு ஒரு சொல். தியாகராச சுவாமிகளின் பாடல்கள் தெலுங்கில் அமைந்தவை. தாலாட்டின் சொற்பொருள் அறிந்தா குழவி உறங்குகின்றது? முதற்கண் இசை பற்றிக்கொள்ளட்டும். பொருளை அறிந்தவரிடம் பின்னர்க் கேட்டுத் தெளிக. தமிழில் கேட்க விழைவார்க்கும் குறைவில்லை. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்னும் சீகாழித் தமிழ் மூவரும், நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும், நம் கனம் கிருஷ்ணையரும் பாடிக் குவித்துள்ளனர். பாடகரிடம் ஒரு தமிழ்ப்பாட்டைப் பணிவுடன் வேண்டிக் கேட்பது பிழையன்று.

அரங்கில் கைப்பேசியின் ஒலியை அடக்கி வைத்தலும், ஆலாபனையின்போது உரையாடாது இருத்தலும் கேட்போர்தம் அடிப்படை ஒழுக்கம்.

நாம் ஆற்ற வேண்டிய கடன்

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு முதலாம் இராசராசன் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனையும் ஆக 50 பேரை நியமித்தான். ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என அளவும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. பேரரசன் ஆயினும் "இசை தானே வளரும்" என்று அவன் விட்டுவிடவில்லை. பாடுவோன் பசியாதிருந்தாலன்றிப் பாட்டு நிலைபெறாது என்பதனை நன்குணர்ந்து, அளந்து கொடுத்தான்.

இன்று நம் ஊர்க் கோயில்கள் சிலவற்றில் தவிலுக்கும் மணிக்கும் ஈடாக மின்விசையால் இயங்கும் முரசுப் பொறி ஒலிக்கின்றது. பொறியைக் குறைகூறிப் பயனில்லை. வாசிப்பவர் இல்லாத இடத்தில் தீபாராதனை ஊமையாக நிகழாதபடி அது காக்கின்றது. ஆயினும் வாசிப்பவர் ஏன் இல்லை? வாசித்தபோது நின்று கேட்பார் இல்லை; மங்கல நிகழ்ச்சிக்கு அழைப்பார் குறைந்தனர்; தந்தை வாசித்த நாதசுரத்தை மகன் பரணில் வைத்துவிட்டு வேறு தொழில் தேடிச் சென்றான். பொறி எப்போதும் ஒரே ஒலியைத்தான் தரும். அதற்குக் காலை பூபாளமும் இல்லை. இரவு நீலாம்பரியும் இல்லை. ஒரு தலைமுறை நாதசுரம் கேளாது வளர்ந்துவிடின், அடுத்த தலைமுறைக்கு அதனைத் தேடவும் தோன்றாது. இழந்தது இன்னதென்று அறியாத இழப்பே இழப்புக்களுள் கொடியது.

அன்பர்கள் செய்யக்கூடியவை எளியன. கோயிலில் நாதசுரம் வாசிக்கக் கண்டால் வலம்வரும் விரைவைச் சற்றே குறைத்து, ஒரு கீர்த்தனை முடியுமளவும் நின்று கேளுங்கள். ஓதுவார் பதிகம் பாடும்போது உடன் நின்று, முடிந்தபின் பதிகத்தின் பண் இன்னதென்று வினவுங்கள். வினவுவார் ஒருவர் உளர் என்பதே அவர்க்குப் பெரும் ஊக்கம். இல்லத்து மங்கல நிகழ்ச்சிகட்கு ஒலிநாடாவையும் ஒலிபெருக்கியையும் நாடாது, நாதசுரக் கலைஞரை அழைத்து, பேசிய ஊதியத்தைக் குறையாது கொடுங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகட்கு அரசு இசைப்பள்ளிகள் உள்ளன; குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி அங்கே அளிக்கப்பெறுகின்றது. திருவையாற்றில் அரசு இசைக்கல்லூரியும் உண்டு. திருக்கோயில்கள் சிலவற்றில் ஓதுவார் பயிற்சியும் நாதசுர, தவில் பயிற்சியும் நடைபெறுகின்றன. திருக்கோயில் அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

பாடுவோர் பாட்டினால் தொண்டு செய்கின்றனர். கேட்போர் செவியினால் தொண்டு செய்கின்றனர். ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது. மழபாடியில் பாட்டை விரும்பி அழைத்த பெருமான், இவ்வாண்டும் தன் திருமுன் நிகழும் இன்னிசையைக் கேட்க நம்மையும் அழைக்கின்றான். குடும்பத்துடன் வருக, குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்து வருக, அமர்ந்து கேட்டு அவனருள் பெறுக.

திருச்சிற்றம்பலம்.